உள்ளூர் போலீஸும் ஃபெடரல் குடியேற்றச் சட்டமும்: மாநிலங்கள் கோடு கிழிக்கும் இடம்

அமெரிக்காவில் ஒருவர் விசா இல்லாமலோ, விசா காலம் முடிந்த பிறகோ தங்கியிருந்தால் அவரைப் பிடித்து நாடு கடத்துவது ஃபெடரல் அரசின், அதாவது மத்திய அரசின், வேலை. குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறை அதைச் செய்கிறது. எல்லாரும் அதை ‘ஐஸ்’ என்றே சொல்கிறார்கள். ஊரில் திருட்டு, அடிதடி, போக்குவரத்து விதிமீறல் பார்க்கும் போலீஸ்காரர் நகர நிர்வாகத்தின் ஊழியர். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) ஜெயிலை நடத்தும் ஷெரிஃப் என்ற போலீஸ் தலைவர், பெரும்பாலான மாநிலங்களில், அந்தக் கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். இந்த உள்ளூர் ஆட்கள் ஐஸுக்கு எந்த அளவு கைகொடுக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மாநிலம் போடும் சட்டங்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. செய்திகளில் ‘சாங்ச்சுவரி (புகலிட) மாநிலம்’ என்ற பெயரில் அடிபடுவது இதுதான்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். இந்தச் சட்டங்கள் யாருக்கும் விசா தருவதில்லை. யார் மீதும் இருக்கும் நாடுகடத்தல் உத்தரவை நிறுத்துவதும் இல்லை. கலிஃபோர்னியாவிலும் இல்லினாயிலும் ஐஸ் அதிகாரிகள் தாங்களாகவே வந்து தெருவிலும் வேலையிடத்திலும் ஆட்களைக் கைது செய்கிறார்கள். மாநிலச் சட்டம் அதைத் தடுக்க முடியாது. மாநிலம் கட்டுப்படுத்துவது தன் ஆட்களை: அவர்கள் செலவிடும் நேரம், அவர்கள் கையில் இருக்கும் பதிவேடு, அவர்கள் பூட்டிவைக்கும் அறை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற விவரங்கள் குழப்பாது.

வாஷிங்டன் ஏன் ஷெரிஃபுக்கு உத்தரவு போட முடியாது

இந்தியாவில் வளர்ந்தவருக்கு இது விசித்திரமாகப் படலாம். நம் அரசியலமைப்பின் 256, 257 பிரிவுகளின்படி ஒன்றிய அரசு மாநில அரசுகளுக்கு நெறியுறுத்தல் அனுப்பலாம். வெளிநாட்டவர் பதிவு வேலையைப் பல மாவட்டங்களில் மாவட்ட எஸ்.பி.யே பார்க்கிறார். மாநிலப் போலீஸ் மத்தியச் சட்டத்தை அமல்படுத்துவதில் அங்கே யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அமெரிக்க அமைப்பு அப்படிக் கட்டப்படவில்லை.

அமெரிக்க அரசியலமைப்பின் பத்தாவது திருத்தம், ஃபெடரல் அரசுக்கு ஒப்படைக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்கிறது. இதிலிருந்து உச்ச நீதிமன்றம் வளர்த்தெடுத்த கொள்கை இது: ஃபெடரல் அரசு தன் சட்டத்தைத் தன் ஆட்களை வைத்து நடத்திக்கொள்ளலாம், மாநில அதிகாரிகளைத் தன் வேலையாட்களாக்கிக் கட்டளையிட முடியாது. 1992ல் அணுக்கழிவு பற்றிய ஒரு நியூயார்க் வழக்கில் இது தொடங்கியது. இன்னும் தெளிவாக வந்தது 1997ல். கைத்துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியை உள்ளூர் ஷெரிஃப் சரிபார்க்க வேண்டும் என்று பிரேடி சட்டம் சொன்னது. மொன்டானாவிலும் அரிசோனாவிலும் இருந்த இரண்டு ஷெரிஃபுகள், ‘எங்களுக்கு உத்தரவு போட நீங்கள் யார்’ என்று வழக்குப் போட்டு 5-4 என்ற கணக்கில் ஜெயித்தார்கள். அந்தப் ‘பிரின்ட்ஸ்’ தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. துப்பாக்கி உரிமைக்காரர்கள் வாங்கிய தீர்ப்பு இன்று குடியேற்றச் சட்டங்களுக்குத் தூணாக நிற்கிறது. ஆகவே இதை ஒரு கட்சியின் சட்டத் தந்திரம் என்று நினைப்பவர்கள் அந்த வழக்கை ஒருமுறை படிப்பது நல்லது. 2018ல் நியூஜெர்சியின் விளையாட்டுப் பந்தய வழக்கில் (‘மர்ஃபி’ தீர்ப்பு) நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: மாநிலத்தை ‘இதைச் செய்’ என்று கட்டளையிடுவதும் ‘இதைச் செய்யாதே’ என்று கட்டளையிடுவதும் ஒன்றே என்றது.

இன்னொரு அடிப்படையும் தெரிய வேண்டும். குடியேற்ற விதிமீறல்களில் பெரும்பகுதி குற்றவியல் விவகாரமே அல்ல, சிவில் விவகாரம். விசா முடிந்தும் தங்குவது சிவில் மீறல். எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடப்பது சிறு குற்றம். நாடு கடத்தப்பட்டவர் அனுமதியின்றித் திரும்பி வருவது பெருங்குற்றம். நாடு கடத்தத்தக்க ஒருவர் நாட்டில் இருப்பது மட்டுமே பொதுவாகக் குற்றமாகாது என்று 2012ல் அரிசோனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றம் நடந்தால் கைது செய்யத்தான் உள்ளூர் போலீஸுக்கு அதிகாரம். சிவில் மீறலுக்காக ஒருவரைப் பிடித்துவைக்க அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, கீழே வரும் எல்லா வழக்குகளுக்கும் உள்ளே இருக்கிறது.

ஜெயிலில் நடப்பது என்ன

உள்ளூர் போலீஸும் ஐஸும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் தெரு அல்ல, கவுண்டி ஜெயிலின் அலுவலக மேஜை. அங்கே நடப்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு ஏதோ ஒரு குற்றச்சாட்டில் கைதாகிறார். ஜெயிலில் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் எழுதி, ஸ்கேனரில் பத்து விரல் ரேகையையும் எடுக்கிறார்கள். அந்த ரேகை மாநில அடையாளப் பிரிவு வழியாக எஃப்.பி.ஐ.க்குப் போகிறது. பழைய குற்றப் பதிவு பார்க்க எல்லா ஜெயிலும் அனுப்பியே ஆக வேண்டும். 2008ல் தொடங்கிய ‘செக்யூர் கம்யூனிட்டீஸ்’ திட்டத்துக்குப் பிறகு, எஃப்.பி.ஐ. அதே ரேகையை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கணினிக்குத் தானாகவே அனுப்புகிறது. விசா விண்ணப்பத்தின்போது தூதரகத்தில் கொடுத்த ரேகை, விமான நிலையத்தில் பதித்த ரேகை எல்லாம் அங்கே இருக்கின்றன. பொருத்தம் கிடைத்தால் ஐஸ் அலுவலகத்துக்குத் தகவல் போகிறது.

இந்தத் தொடரில் கவுண்டி முடிவெடுக்கும் இடம் எதுவும் இல்லை. மாநிலத்தின் எந்தச் சட்டமும் இதை நிறுத்துவதில்லை. ‘நம் மாநிலம் சாங்ச்சுவரி, ஜெயிலுக்குப் போனாலும் ஐஸுக்குத் தெரியாது’ என்று நம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து ஐஸ் ஒரு தாளை ஜெயிலுக்கு அனுப்புகிறது. அதன் பெயர் டிடெய்னர். படிவ எண் ஐ-247ஏ. அது கேட்பது முக்கியமாக இரண்டு. ஒன்று, இவரை விடுவிப்பதற்கு முன்பே எங்களுக்குச் சொல்லுங்கள், முடிந்தால் 48 மணி நேரம் முன்னதாக. இரண்டு, விடுவிக்க வேண்டிய நேரம் வந்த பிறகும் 48 மணி நேரம் வரை பிடித்துவையுங்கள், நாங்கள் வந்து கூட்டிப்போகிறோம். படிவத்தின் ஒரு நகலைக் கைதியிடம் கொடுத்தால்தான் டிடெய்னர் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஜாமீன் பற்றிய முடிவுகளை இந்தத் தாள் பாதிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. நடைமுறையில் இந்த இரண்டு வரிகளும்தான் அடிக்கடி மறக்கப்படுகின்றன.

2017 ஏப்ரல் முதல் ஐஸ் ஒவ்வொரு டிடெய்னருடனும் ஒரு வாரண்டையும் சேர்த்து அனுப்பும் வழக்கம் வந்தது: கைதுக்கானது ஐ-200, நாடுகடத்தலுக்கானது ஐ-205. ‘வாரண்ட்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் நமக்கு நீதிபதி கையெழுத்திட்ட பிடிவாரண்ட் நினைவுக்கு வரும். இவற்றில் நீதிபதி கையெழுத்து இருக்காது. ஒரு குடியேற்ற அதிகாரியின் கையெழுத்துதான் இருக்கும். தாளின் கடைசியில் கையெழுத்துப் போட்டவரின் பதவி என்ன என்று பாருங்கள். மாநிலச் சட்டங்களில் பாதி அந்த ஒரு வரியைச் சார்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன.

‘கோரிக்கை’ என்று நீதிமன்றம் சொன்ன பிறகு

பல ஆண்டுகளாக ஷெரிஃபுகள் டிடெய்னரைக் கட்டளை என்றே எடுத்துக்கொண்டார்கள். அது மாறியது 2014ல், இரண்டு வழக்குகளால்.

முதல் வழக்கு பென்சில்வேனியாவின் லீஹை கவுண்டியிலிருந்து. நியூஜெர்சியில் பிறந்த அமெரிக்கக் குடிமகன் ஒருவர் 2008 நவம்பரில் கைதானார். மறுநாளே ஜாமீன் கட்டியாயிற்று; ஆனாலும் வெளியே விடவில்லை. அவர் வெளிநாட்டவராக இருக்கலாம் என்று வந்த ஒரு டிடெய்னரை வைத்து, வார இறுதி முழுக்கப் பூட்டியே வைத்தார்கள். உன்மேல் டிடெய்னர் இருக்கிறது என்றுகூட முதலில் சொல்லவில்லை. கவுண்டி நீதிமன்றத்தில் வைத்த வாதம்: ஐஸ் சொன்னது, நாங்கள் செய்தோம். மூன்றாம் சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை (சர்க்கியூட் என்பது சில மாநிலங்களைச் சேர்த்த ஃபெடரல் நீதிமன்ற வட்டாரம்). டிடெய்னர் வெறும் கோரிக்கை, அதைக் கட்டளையாகப் படித்தால் அதுவே பத்தாவது திருத்தத்துக்கு விரோதம், ஆகவே பிடித்துவைத்தது கவுண்டியின் சொந்த முடிவு, அதற்குக் கவுண்டிதான் பதில் சொல்ல வேண்டும் என்றது.

இரண்டாவது ஓரிகனின் கிளாக்கமஸ் கவுண்டி. ஒரு பெண்ணுக்கு 5,000 டாலர் ஜாமீன். 500 டாலர் கட்டினால் போதும். குடும்பம் பணத்தோடு தயாராக இருந்தது. பணம் கட்டினாலும் ஐஸுக்காக வைத்திருப்போம் என்று ஜெயிலில் சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் உள்ளே இருந்தார். வழக்கு முடிந்து தண்டனைக் காலமும் கழிந்த பிறகு மேலும் 19 மணி நேரம் ஐஸுக்காக வைத்திருந்தார்கள். விடுதலைக்கு உரிமை வந்த பிறகும் பிடித்துவைப்பது புதிய கைதுக்குச் சமம், அதற்குப் புதிதாகத் தகுந்த காரணம் வேண்டும், இங்கே அது இல்லை, ஆகவே நியாயமற்ற கைதைத் தடுக்கும் நான்காவது அரசியலமைப்புத் திருத்தம் மீறப்பட்டது என்று ஃபெடரல் நீதிபதி தீர்ப்பளித்தார்.

நீங்கள் ஒரு ஷெரிஃபின் சட்ட ஆலோசகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தண்டனை இல்லை. ஏற்றால் நஷ்டஈடு கட்ட வேண்டி வரலாம். எந்த அரசியல் சார்பும் இல்லாமலே நாடெங்கும் பல கவுண்டிகள் நீதிபதி கையெழுத்தில்லாத டிடெய்னரை ஏற்பதை நிறுத்தியது இதனால்தான். 2017ல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் இன்னும் அடிப்படையான ஒன்றைச் சொன்னது: சிவில் டிடெய்னரை வைத்துக் கைது செய்ய மாநில அதிகாரிகளுக்கு மாநிலச் சட்டம் அதிகாரமே தரவில்லை. அங்கே சட்டமன்றம் எதையும் தடைசெய்யவில்லை. இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்ற நிலை மட்டுமே.

மாநிலங்கள் எழுதிவைத்திருப்பவை

முதல் மாநிலம் ஓரிகன். குடியேற்றச் சட்டத்தை மீறியதைத் தவிர வேறு தவறு செய்யாதவர்களைக் கண்டுபிடிக்கவோ பிடிக்கவோ மாநில, உள்ளூர் போலீஸின் பணம், கருவி, ஆள் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று 1987லேயே சட்டம் போட்டார்கள். 2018ல் அதை ரத்துசெய்ய ஒரு வாக்கெடுப்பு வந்தது. 63 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று வாக்களித்து அதைத் தோற்கடித்தார்கள்.

அதிகம் பேசப்படுவது கலிஃபோர்னியாவின் எஸ்.பி. 54 (இங்கே எஸ்.பி. என்பது செனட் மசோதா). 2017 அக்டோபரில் கையெழுத்தாகி 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. போலீஸ் ஒருவரின் குடியேற்ற நிலையை விசாரிக்கக் கூடாது. டிடெய்னரை வைத்துக் கூடுதலாகப் பிடித்துவைக்கக் கூடாது. நீதிபதி கையெழுத்தில்லாத சிவில் வாரண்டை வைத்துக் கைது செய்யக் கூடாது. வீட்டு முகவரி, வேலையிடம் போன்ற விவரங்களை, பொதுவில் கிடைப்பவை தவிர, ஐஸுக்குக் கொடுக்கக் கூடாது. இவ்வளவும் எல்லாருக்கும் பொருந்தும். விடுதலைத் தேதி சொல்வதற்கும் ஆளை ஒப்படைப்பதற்கும் மட்டும் விலக்கு உண்டு. கடுமையான, வன்முறைக் குற்றங்களில் தண்டனை பெற்றவராக இருந்தால் ஷெரிஃப் விரும்பினால் சொல்லலாம், ஒப்படைக்கலாம். சட்டத்தில் பட்டியலிட்ட வேறு சில குற்றங்களுக்குக் காலக்கெடு இருக்கிறது: பெருங்குற்றத் தண்டனை என்றால் 15 ஆண்டுக்குள், சிறு குற்றமாகக் குறைக்கப்பட்டது என்றால் 5 ஆண்டுக்குள். நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இருந்தால் கேள்வியே இல்லை, ஒப்படைக்கலாம். போதைப்பொருள், ஆள்கடத்தல் போன்றவற்றுக்கான கூட்டுப் படைகளில் ஃபெடரல் அதிகாரிகளோடு வேலை செய்யவும் தடை இல்லை, முதன்மை நோக்கம் குடியேற்ற அமலாக்கமாக இல்லாத வரை. மாநிலச் சிறைகளை நடத்தும் துறை இந்தச் சட்டத்துக்குள் வரவே வராது. நீண்ட தண்டனை முடிந்து அங்கிருந்து வெளிவருபவரை வாசலிலேயே ஐஸிடம் கொடுப்பது கலிஃபோர்னியாவில் இன்றும் நடக்கிறது.

சட்டத்தில் ஒரு சொற்றொடர் எப்படி ஓட்டையாகிறது என்பதற்கும் எஸ்.பி. 54 நல்ல உதாரணம். ‘பொதுமக்களுக்குக் கிடைக்கும் தகவல் என்றால்’ விடுதலைத் தேதியைச் சொல்லலாம் என்று எழுதியிருந்தார்கள். சட்டம் வந்து மூன்று மாதத்துக்குள், 2018 மார்ச்சில், ஆரஞ்சு கவுண்டி ஷெரிஃப் துறை கைதிகள் எல்லாருடைய விடுதலைத் தேதியையும் இணையதளத்தில் போட ஆரம்பித்தது. அதன் பிறகு ஐஸ் யாரையும் கேட்க வேண்டியதே இல்லை.

டிரம்ப் அரசு அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில், உதவ மறுப்பது வேறு, தடுப்பது வேறு என்ற பிரிப்பை ஒன்பதாம் சர்க்கியூட் 2019ல் ஏற்றுச் சட்டத்தை நிலைநிறுத்தியது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

இதே வகையைச் சேர்ந்த இல்லினாயின் டிரஸ்ட் சட்டம் 2017 ஆகஸ்ட்டில் வந்தது. கையெழுத்திட்ட ஆளுநர் புரூஸ் ரவுனர் ரிபப்ளிகன் கட்சிக்காரர். 2021ல் வந்த திருத்தம் அதை இன்னும் இறுக்கியது. கவுண்டி ஜெயிலில் ஐஸின் கைதிகளை வாடகைக்கு வைத்துக்கொள்ளும் ஒப்பந்தங்களையும் தடைசெய்தது. இல்லினாயின் மீது ஃபெடரல் அரசு 2025 பிப்ரவரியில் தொடுத்த வழக்கை அதே ஆண்டு ஜூலையில் மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

தமிழர்கள் நிறைய இருக்கும், நியூஜெர்சியின் எடிசன் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூஜெர்சியில் இந்தக் கட்டுப்பாடு மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) குர்பீர் கிரேவால் 2018 நவம்பரில் போட்ட ஓர் உத்தரவாகத் தொடங்கியது. 2019 மார்ச் 15 முதல் நடப்புக்கு வந்தது. அதன் அமைப்பு தனி. கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றவர் மட்டுமல்ல, குற்றம் சாட்டப்பட்டவரும் அதன் விலக்குக்குள் வருவார். அப்படிப்பட்டவரையும் ஐஸுக்காக வைத்திருக்கக்கூடிய நேரம், அவர் விடுதலையாக வேண்டிய அதே நாள் இரவு 11:59 வரைதான். காலையில் விடுதலை என்றால் நாள் முழுக்கக் கிடைக்கும். இரவு பத்து மணிக்கு என்றால் இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்காது. ஓஷன், கேப் மே என்ற இரண்டு கவுண்டிகள் இதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2021ல் மூன்றாம் சர்க்கியூட்டில் தோற்றது. வடிவம் உத்தரவாக இருந்தால், பின்னால் வரும் அட்டர்னி ஜெனரல் இன்னொரு உத்தரவால் அதை மாற்றலாம். சட்டமாக இருந்தால் சட்டமன்றம்தான் மாற்ற வேண்டும். உங்கள் மாநிலத்தில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள இது ஒன்றே போதுமான காரணம்.

கேட்காவிட்டால் கொடுக்க ஒன்றும் இல்லை

1996ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு பிரிவு கொண்டுவந்தது, எண் 1373. ஒருவரின் குடியுரிமை அல்லது குடியேற்ற நிலை பற்றிய தகவலை ஃபெடரல் அரசுக்கு அனுப்புவதை எந்த மாநிலமும் நகரமும் தடைசெய்யக் கூடாது என்கிறது அது. சாங்ச்சுவரி சட்டங்கள் எல்லாம் இதனாலேயே செல்லாது என்று வாதிடுபவர்கள் உண்டு.

கவனிக்க வேண்டியவை இரண்டு. அந்தப் பிரிவு ‘குடியேற்ற நிலை’ பற்றி மட்டுமே பேசுகிறது. விடுதலைத் தேதியும் வீட்டு முகவரியும் அதில் அடங்காது என்று ஒன்பதாம் சர்க்கியூட் சொல்லிவிட்டது. 2018ன் மர்ஃபி தீர்ப்புக்குப் பிறகு, மாநிலத்துக்கே கட்டளையிடும் இந்தப் பிரிவு செல்லுமா என்பதிலேயே நீதிமன்றங்கள் பிரிந்து நிற்கின்றன. இரண்டாவது விஷயம் நடைமுறை சார்ந்தது. தகவலைச் சேகரிக்க வேண்டும் என்று 1373 சொல்லவில்லை. ஆகவே சட்டம் எழுதுபவர்கள் ‘அனுப்பாதே’ என்பதற்குப் பதில் ‘கேட்காதே’ என்று எழுதுகிறார்கள். கேட்கவில்லை என்றால் பதிவேட்டில் இல்லை; பதிவேட்டில் இல்லாததை யாரும் அனுப்ப முடியாது. இந்தச் சட்டங்களில் பெரும்பாலும் ‘1373ன்படி அனுப்புவதை இது தடுக்காது’ என்று ஒரு வரியும் இருக்கும். முதல்முறை படிப்பவருக்கு முரணாகத் தோன்றும் அந்த வரி, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு.

கைதான வெளிநாட்டவரிடம் எந்த நாட்டவர் என்று கேட்பதற்குச் சட்டப்படியான காரணம் ஒன்று உண்டு. வியன்னா உடன்படிக்கையின்படி, உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லட்டுமா என்று போலீஸ் கேட்க வேண்டும். இந்தியக் குடிமகன் விரும்பினால் மட்டும் தூதரகத்துக்குச் சொல்வார்கள். இந்தக் கேள்வி வந்தவுடன் போலீஸ் ஐஸ் வேலை பார்க்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம்.

287(ஜி): போலீஸே ஐஸ் ஆகும் ஒப்பந்தம்

இதற்கு நேர் எதிர்த் திசையில் இருப்பது 287(ஜி). இதுவும் 1996ல் வந்த சட்டப்பிரிவு. ஷெரிஃபோ போலீஸ் துறையோ ஐஸோடு ஒப்பந்தம் போட்டு, பயிற்சி பெற்ற தன் அதிகாரிகளுக்கு ஐஸின் மேற்பார்வையில் குடியேற்ற அதிகாரம் வாங்கிக்கொள்ளலாம். இதில் மூன்று வகை. ஜெயிலுக்குள் இருப்பவர்களை விசாரித்து நாடுகடத்தலுக்கான தாள்களைத் தயாரிப்பது ஒரு வகை. ஐஸ் அனுப்பும் வாரண்டை ஜெயிலில் நிறைவேற்ற மட்டும் அதிகாரம் தருவது இரண்டாவது. மூன்றாவது ‘டாஸ்க் ஃபோர்ஸ்’ வகை: ரோந்தில் இருக்கும் சாதாரணப் போலீஸ்காரர் வழக்கமான வேலையின் நடுவிலேயே குடியேற்றக் கேள்வி கேட்கலாம், கைது செய்யலாம்.

மூன்றாவது வகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அரிசோனாவின் மரிக்கோபா கவுண்டி சாட்சி. ஷெரிஃப் ஜோ ஆர்ப்பையோவின் ஆட்கள் லத்தீனோக்களின் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின்) வண்டிகளை இனம் பார்த்து நிறுத்தினார்கள் என்று 2013ல் ஃபெடரல் நீதிபதி தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பின்படி துறையைச் சீர்திருத்த அன்று முதல் கவுண்டி மக்களின் வரிப்பணம் கோடிக்கணக்கான டாலர் செலவாகியிருக்கிறது. டாஸ்க் ஃபோர்ஸ் வகையை ஃபெடரல் அரசே 2012 இறுதியில் நிறுத்தியது. 2025ல் திரும்பக் கொண்டுவந்தது. 2025 தொடக்கத்தில் 135 ஆக இருந்த ஒப்பந்தங்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டின. கலிஃபோர்னியா, இல்லினாய், ஓரிகன் போன்ற மாநிலங்களில் இந்த ஒப்பந்தம் போடவே சட்டம் அனுமதிக்காது.

எதிர்த்திசையில் போகும் மாநிலங்கள், பண நெருக்கடி

வாஷிங்டனின் கட்டளையிலிருந்து மாநிலத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, மாநிலத்தின் கட்டளையிலிருந்து நகரத்துக்குக் கிடைக்காது. நகரமும் கவுண்டியும் மாநிலம் உருவாக்கியவை; மாநிலம் சொன்னால் கேட்க வேண்டும். டெக்சாஸ் 2017ல் போட்ட எஸ்.பி. 4 இதைத்தான் பயன்படுத்துகிறது. ஜெயில்கள் டிடெய்னரை ஏற்றே ஆக வேண்டும். மீறினால் முதல் முறை 1,000 முதல் 1,500 டாலர், அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 25,000 முதல் 25,500 டாலர் அபராதம். ஷெரிஃப் பதவியையே இழக்கலாம். ஐந்தாம் சர்க்கியூட் 2018ல் அதில் பெரும்பகுதியை ஏற்றது. ஆகவே ஆஸ்டின் நகரம் என்ன நினைக்கிறது என்பது அந்த நகரம் இருக்கும் டிராவிஸ் கவுண்டியின் ஜெயிலில் இருப்பவருக்கு உதவாது. ஃபுளோரிடாவும் 2019ல் இதே வழியில் போனது.

கட்டளையிட முடியாதபோது ஃபெடரல் அரசு பணத்தைக் காட்டி இழுக்கும். 2017ல் போலீஸ் மானியத்துக்கு நிபந்தனைகள் வைத்தார்கள். சிகாகோ வழக்குப் போட்டு ஏழாம் சர்க்கியூட்டில் ஜெயித்தது. இரண்டாம் சர்க்கியூட் மட்டும் 2020ல் நிபந்தனைகள் செல்லும் என்றது. 2025ல் மீண்டும் நிதி நிறுத்த உத்தரவுகள் வந்தன. சான்ஃபிரான்சிஸ்கோவின் நீதிபதி வில்லியம் ஆரிக் ஏப்ரலில் தடை விதித்தார். நிபந்தனை வைக்கும் அதிகாரம் காங்கிரஸுடையது, அதிபருடையது அல்ல என்பதுதான் இந்த வழக்குகளின் மையம்.

இந்தச் சட்டங்களை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜெயிலுக்குள் ஆயுதமின்றி இருப்பவரைக் கைமாற்றுவது எளிது. வெளியே விட்டால் ஐஸ் தெருவில் தேட வேண்டும், அது எல்லாருக்கும் ஆபத்து என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆதரிப்பவர்கள் சொல்வது: அடிவாங்கிய மனைவியும், கொள்ளையைப் பார்த்த சாட்சியும், போலீஸுக்குப் போன் செய்தால் ஐஸ் வரும் என்று பயந்தால் குற்றவாளிகள்தான் பிழைப்பார்கள். கடுமையான குற்றங்களுக்கு விலக்கு வைத்திருக்கும் சட்டங்கள் இரண்டு வாதத்துக்கும் இடையில் நியாயமான கோடு போட்டிருக்கின்றன என்பது எங்கள் கருத்து.

நடைமுறையில் எங்கே பிசகுகிறது

சாலையில். போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி லைசென்ஸைக் கணினியில் தட்டுகிறார். தேசியக் குற்றத் தகவல் மையத்தின் தரவில் ஐஸ் போட்டுவைத்த, நீதிபதி கையெழுத்தில்லாத நிர்வாக வாரண்டுகளும் இருக்கின்றன. திரையில் ‘வாரண்ட்’ என்று வந்ததும், பயிற்சி இல்லாதவர் அதைக் குற்றவியல் வாரண்ட் என்று எண்ணி ஐஸ் வரும்வரை நிறுத்திவைக்கிறார். வண்டியை நிறுத்திய காரணத்துக்குத் தேவையான நேரத்தைத் தாண்டி, தகுந்த சந்தேகம் இல்லாமல் பிடித்துவைக்கக் கூடாது என்று 2015லேயே உச்ச நீதிமன்றம் ரோட்ரிகஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

கேமராவில். வண்டி எண்களைப் படிக்கும் கேமராக்களின் தரவை ஊர்கள் ஒன்றுக்கொன்று பகிர்கின்றன. ஓர் ஊர் ஐஸுக்கு எதுவும் கொடுக்காது. ஆனால் அது பகிரும் நூறு துறைகளில் ஒன்று தேடிக் கொடுத்துவிடும். 2025ல் இல்லினாய் மாநிலச் செயலர் அலுவலகம் நடத்திய தணிக்கையில், சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறைக்கு அந்த மாநிலக் கேமரா தரவு எட்டியிருந்தது தெரியவந்தது.

ஜாமீனில். டிடெய்னரை ஏற்கும் கவுண்டியில் குடும்பம் அவசரமாக ஜாமீன் கட்டினால், ஆள் வீட்டுக்கு வராமல் ஐஸ் காவலுக்குப் போய்விடலாம். அங்கிருந்து குற்ற வழக்கின் வாய்தாவுக்கு வர முடியாமல், அதற்கும் ஒரு பிடிவாரண்ட் விழும். பணம் கட்டும் முன் குற்றவியல் வக்கீலோடு குடியேற்ற வக்கீலையும் கேட்க வேண்டியது இதனால்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடியேற்ற நிலை என்னாகும் என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010ல் படில்லா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. வக்கீல் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

விசாவில். எச்1பி-யில் இருப்பவர் குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானால், தண்டனைக்கு முன்பே வெளியுறவுத் துறை விசாவை ரத்துசெய்யலாம். எவ்வளவு கண்டிப்பான சாங்ச்சுவரி மாநிலமாக இருந்தாலும் இதில் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் ஊரில் எப்படி என்று பார்க்க

ஜெயிலை நடத்துவது யார் என்பதிலிருந்து தொடங்குங்கள். கைது செய்தது நகரப் போலீஸாக இருந்தாலும், பூட்டிவைப்பது பெரும்பாலும் கவுண்டி ஷெரிஃப். ஆகவே நகர மன்றத்தின் தீர்மானத்தைவிட ஷெரிஃபின் கொள்கைக் கையேட்டில் டிடெய்னர் பற்றிய அத்தியாயமே முக்கியம். பல துறைகள் அதை இணையத்தில் வைத்திருக்கின்றன. இல்லையென்றால் பொதுப் பதிவேடு கேட்கும் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். அடுத்து மாநிலச் சட்டமோ அட்டர்னி ஜெனரலின் வழிகாட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 287(ஜி) பட்டியல். ஐஸ் அதைத் தன் தளத்தில் மாநிலம், துறை, வகை வாரியாக வெளியிடுகிறது. பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்த வகை என்று பாருங்கள்: ஜெயிலுக்குள் வாரண்ட் நிறைவேற்றும் வகைக்கும் சாலையில் நிறுத்திக் கேட்கும் வகைக்கும் நிறைய தூரம்.

கலிஃபோர்னியாவில் இன்னொரு வழியும் உண்டு. 2017 முதல் நடப்பில் இருக்கும் ட்ரூத் சட்டத்தின்படி, ஜெயிலில் ஐஸ் ஒருவரைப் பேட்டி காண்பதற்கு முன், இது கட்டாயமில்லை, மறுக்கலாம், வக்கீலோடு பேசலாம் என்று சொல்லும் ஒப்புதல் படிவத்தை அவரிடம் கொடுக்க வேண்டும். டிடெய்னர் வந்தால் அதன் நகலையும், ஷெரிஃப் அதற்கு உடன்படப் போகிறாரா என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டும். ஐஸை உள்ளே விட்ட கவுண்டிகள் ஆண்டுக்கு ஒருமுறை பொதுக் கூட்டம் நடத்தி, அதைப் பற்றி மக்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், கேள்வி கேட்கலாம்.